மூக்குடைந்த தலையும் கொட்டலசும்

கீழக்கரைக்குத் தெற்கே வலையில் சிக்கியதென்று ஒரு மீனவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த சலவைக்கல் தலை ஆய்வுக்காக என் மேசைக்கு வந்தபோது, அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த ரோமானியக் காசுகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தன. காசு வந்த வழியில் சிலையும் வந்திருக்கக் கூடாதா என்ற ஆசையை ஒதுக்கி வைக்கப் பழகுவதற்கே இந்தப் பணியில் எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

மூக்கு உடைந்திருந்தது, கன்னமெங்கும் கொட்டலசு, அதாவது கடலில் பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி, அப்பியிருந்தது. கண்மணி குழித்துச் செதுக்கப்பட்டிருந்தது. ரோமானிய உருவச் சிலைகளில் அவ்வழக்கம் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 130ஐ ஒட்டித்தான் பரவியது. அதற்கு முன் கண்மணியை வண்ணத்தால் தீட்டுவதே பெருவழக்கு. ஆனால் பிற்காலச் சிற்பியும் அதே கண்ணைச் செதுக்கலாம் என்பதால், பாணி மட்டும் பழமையை நிறுவிவிடாது.

"எத்தனை நூறு வருசம் கிடந்திருக்கும் சார்?" என்று மீனவர் கொட்டலசைக் காட்டிக் கேட்டார்.

"உங்க வல்லத்து அடியில இது ஏற எத்தனை நாளாகும்ணே?"

"ரெண்டு மாசம் சுரண்டாம விட்டாப் போதும்" என்றவர், அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

மூங்கில் குச்சியால் ஒரு கொட்டலசை நெம்பி எடுத்தேன். அதன் அடியில் கல்லின் மெருகு குலையாமல் இருந்தது. மூக்கின் முறிவில், உடைத்த கற்கண்டைப் போல ஒவ்வொரு படிகமும் கூர்மையாக மின்னியது. முறிவு புதிது என்பதால் தலையும் புதிது என்றாகிவிடாது. பழைய சிலை நேற்றுக்கூட உடைந்திருக்கலாம். ஆகவே நான் பார்க்க வேண்டியது கன்னத்துக்கும் முறிவுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். நெடுங்காலம் ஈரமும் உப்பும் பட்ட பரப்பில் படிகங்களின் பிணைப்புத் தளர்ந்து, விரல் பட்டாலே சர்க்கரையாக உதிரும்; புற ஊதா விளக்கில் அது மஞ்சள் கலந்த வெண்மையாகத் திட்டுத்திட்டாக ஒளிரும். இங்கோ கன்னம், முறிவு இரண்டுமே ஒரே ஊதா நிறத்தில் தெரிந்தன. அமிலத்தால் கழுவிய பழைய கல்லும் ஏமாற்றக்கூடும் என்பதால் காதின் உட்குழியையும், முடிச்சுருள்களின் இடுக்கையும் மறுபடி பார்த்தேன். அங்கும் அரிப்போ இறுகிய சுண்ணப் படிவோ இல்லை.

கல் எங்கே வெட்டப்பட்டது என்பதை அறிய உதவும் ஐசோடோப்பு ஆய்வுக்கு மாதிரி அனுப்பலாமா என்று மேலதிகாரி கேட்டார். இத்தாலியின் கராராவில் ரோமானியரும் கல் வெட்டினார்கள், இன்றும் வெட்டுகிறார்கள். கல்லின் ஊர் தெரிந்தாலும் உளி பட்ட காலம் தெரியாது என்று விளக்கினேன்.

"பழமைக்குச் சான்றில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். "போலி" என்று எழுதவில்லை. 19ஆம் நூற்றாண்டு பங்களா ஒன்றின் தோட்டத்தில் அழகுக்காக நின்ற சிலையாகவும் அது இருந்திருக்கலாம்.