மின்வணிகத் தாளின் கடைசிக் கேள்வி: பெருக்கிப் பார்த்த பிறகே வழியைச் சொல்லுங்கள்

எம்.பி.ஏ. மின்வணிகத் தாளின் முடிவு இந்த வாரம் வெளியாகி, தேர்ச்சி உறுதியான பிறகுதான் எனக்கு மனம் நிலைகொண்டது. அடுத்த பருவத்தில் இதை எழுதவிருக்கும் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்து நண்பர்களுக்காக, நினைவு மங்குவதற்குள் எழுதுகிறேன். குறுவினாக்களுக்குப் பாடநூலே போதும். மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது தாளின் கடைசியில் வரும் கட்டாயக் கேள்விதான்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளைப் பற்றித் தமிழில் எழுதும் இணையதளம் ஒன்று எந்த வழியில் பணம் ஈட்டலாம் என்பதே எங்களுக்கு வந்த கேள்வி. விளம்பரம், அஃபிலியேட் (பிறர் விற்கும் பொருளுக்குச் சுட்டி கொடுத்துக் கமிஷன் பெறுவது), சந்தா, நேரடி விற்பனை என்று வரிசைப்படுத்தி ஒவ்வொன்றின் நன்மை தீமைகளை எழுதவே கை முதலில் போகும். நான் எந்த வழியின் பெயரையும் சொல்லாமல் முதலில் எண்களைப் பெருக்கிக் காட்டினேன். என்னைக் காப்பாற்றியது அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

மாதம் 20,000 பக்கப் பார்வைகள், ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய் என்று அனுமானித்தால் விளம்பர வருவாய் 800 ரூபாய். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும் என்பதால், முதல் தொகைக்கே பத்து மாதங்களுக்கு மேல் காத்திருக்க நேரிடும். அதே தளத்தின் வழியாக மாதம் ஆறு விளக்குகள் விற்று, ஒவ்வொன்றிலும் 400 ரூபாய் மிஞ்சினால் 2,400 ரூபாய். பித்தளை கனமான பொருள் என்பதால் கூரியர் செலவைக் கழித்த பிறகே அந்த 400 ரூபாயை எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். கல்யாணச் சீருக்காகவோ கிரகப்பிரவேசத்திற்காகவோ விளக்கைத் தேடி வருபவர் வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார். அவரை வேறொருவரின் விளம்பரத்திற்கு அனுப்பிவிட்டுச் சில ரூபாய் பெறுவது நட்டம்.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை அன்றாடம் வெளியிடும் தளமாக இருந்தால் விடை மாறிவிடும். ஜூன் 12 நெருங்கும்போது குறுவைக்குத் தண்ணீர் திறப்பார்களா என்று பார்க்க ஏராளமானோர் வருவார்கள். ஆனால் பார்த்தவுடன் போய்விடுவார்கள், எதையும் வாங்க மாட்டார்கள். அங்கே விளம்பரமே பொருத்தம்.

விடையில் சேர்க்க வேண்டியவை:

- ஆட்சென்ஸ் 2003இல் தொடங்கியது. தமிழுக்கு ஆதரவு 2018இல்தான் வந்தது.
- 10 டாலரைத் தொட்டதும் முகவரியை உறுதிசெய்யத் தபாலில் PIN என்ற சரிபார்ப்பு எண் வரும்.
- அமேசானின் அஃபிலியேட் திட்டம் 1996இல் தொடங்கியது. சுட்டியைச் சொடுக்கிய 24 மணி நேரத்திற்குள் கூடையில் சேர்த்தால்தான் பொதுவாகக் கமிஷன் உண்டு. பல நாள் யோசித்து வாங்கும் பொருளுக்கு இது பெரும் தடை.
- நாச்சியார்கோயில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது. நேரடி விற்பனைக்கு இதைவிட வலுவான வாதம் கிடையாது.
- சந்தா: வாசகர் திரும்பத் திரும்ப வர வேண்டிய தேவை இருந்தால் மட்டும்.

நிதானமாக எழுதும் இயல்பு எனக்கு இருப்பதால் கட்டாயக் கேள்வியை முதலிலேயே எழுதினேன். வேகமாக எழுதுபவர்கள் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். எப்போது எழுதினாலும் அனுமானங்களைத் தனி வரியில், அனுமானம் என்றே குறிப்பிட்டு எழுதுங்கள்; அப்போதுதான் எண்ணில் உடன்படாத திருத்துநரும் கணக்கின் முறைக்கு மதிப்பெண் தர இயலும்.