பொதுத் தோட்டத்தில் விதை எடுப்பு: ஒரு பருவத்தின் குறிப்புகள்

ஜனவரி 19
எந்தப் பாத்தியில் என்ன ரகம் என்ற பட்டியல் கொட்டகைச் சுவரில் ஏறிவிட்டது. விதை எடுப்பதாக இருந்தால் இதுதான் முதல் வேலை. பொதுத் தோட்டத்தில் பக்கத்துப் பாத்தி மகரந்தம் நம் காய்க்குள் விதையாகிவிடும். தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தன் பூவிலேயே சூல் கொள்பவை. சில மீட்டர் இடைவெளி போதும். மிளகாய், வெண்டை, கத்தரியைத் தேனீ கலந்துவிடும். பூசணியும் வெள்ளரியும் கலக்கும் என்று பயப்படுபவர்கள் உண்டு. கலக்காது, இரண்டும் வேறு இனம். ஒரே இனத்தின் இரண்டு ரகங்கள்தான் சிக்கல். எஃப்1 (இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறை) பாக்கெட் விதையில் வந்த செடிகளையும் விட்டுவிடலாம்; அடுத்த தலைமுறை தாய்போல் வராது.

மக்காச்சோளத்துக்கு நூறு செடிக்குக் குறையாமல் வேண்டும். குறைந்தால் இரண்டு மூன்று தலைமுறையில் கதிர் சிறுத்துவிடும். சிறு தோட்டத்தில் அதற்கு விதை வாங்குவதே மேல்.

பிப்ரவரி 23
தாய்ச்செடிகளுக்குச் சிவப்பு நாடா. பெரிய காய் ஒன்றைப் பார்த்து மயங்காமல் செடி முழுவதையும் பார்க்க வேண்டும். ரகத்துக்குப் பொருந்தாதவற்றைப் பூக்கும் முன்பே பிடுங்கியாக வேண்டும். பீன்ஸில் இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் தெரிந்தால் நாடா கட்டக் கூடாது. அந்த நோய் விதைவழியே போகும்.

நாடா கட்டினாலும் யாராவது பறித்துவிடுகிறார்கள். “விதைக்கு” என்று எழுதிய அட்டையும் தொங்கினால்தான் காய் தப்பும்.

மார்ச் 16
பூசணிக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் நாட்கள். காம்பின் நுனியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ, வெறும் காம்போடு நிற்பது ஆண் பூ. நாளை விரியும் மொட்டின் நுனி இன்று மாலையே மஞ்சளிக்கும். அப்போதே இரண்டு வகை மொட்டுகளின் வாயையும் டேப்பால் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் வெயில் ஏறுமுன் அதே ரகத்தின் வேறு கொடியிலிருந்து இரண்டு மூன்று ஆண் பூக்களைப் பறித்து, இதழைக் கிழித்து, பெண் பூவின் சூல்முடி முழுக்கத் தடவ வேண்டும். தடவியதும் பெண் பூவை மறுபடி ஒட்டி, காம்பில் நூல் கட்ட வேண்டும். தாமதித்தால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். சில பிஞ்சுகள் எப்படியும் உதிரும். ஒரு காய் வேண்டுமென்றால் நாலைந்து பூவுக்குச் செய்வது நல்லது.

சுக்கினி (பிஞ்சிலேயே பறிக்கும் ஒரு பூசணி வகை) பாத்திக்கு அருகே அலங்காரப் பூசணி இருந்தால் கட்டாத காயின் விதையைத் தொடவே வேண்டாம். கலப்பில் பிறக்கும் கொடியின் காய் கசக்கலாம். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

மே 4
நன்கு பழுத்த தக்காளியைப் பிழிந்து, சதையோடு கண்ணாடிப் புட்டியில் இரண்டு மூன்று நாள் புளிக்க விட வேண்டும், தினமும் ஒரு கலக்கல். விதையைச் சுற்றிய வழவழப்பு கரைந்ததும் நீர் ஊற்றினால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். அதற்கு மேல் விட்டால் புட்டியிலேயே முளைத்துவிடும். காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். பீங்கான் தட்டு, நிழல், காற்று போதும்.

பூசணி அறுத்தாயிற்று. உடனே உடைக்கக் கூடாது. மூன்று வாரம் வைத்திருந்தால் உள்ளே விதை இன்னும் திரளும்.

மே 25
பீன்ஸ் நெற்று குலுக்கினால் சலசலக்கிறது. கடித்தால் பல் தடம் பதியாத அளவு காய்ந்த பிறகே, வண்டு முட்டைகளைக் கொல்ல, காற்றுப் புகாத புட்டியில் ஃப்ரீசரில் ஒரு வாரம். ஈரம் மிச்சமிருந்தால் முளைக்கருவும் சேர்ந்து செத்துவிடும். வெளியே எடுத்த புட்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் விதை மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

ஜூன் 14
பங்கிடும் முன் முளைப்புச் சோதனை. ஈரத் துணியில் 20 விதை சுருட்டி, துணி காயாமல் பத்து நாள். 14 முளைத்தால் 70 சதவீதம். சற்று அடர்த்தியாக விதைத்தால் போதும். முளைத்த விதை பத்துக்குக் கீழே போனால் அந்தப் புட்டி பங்கீட்டுக்கு வராது. உறையில் ரகம், எடுத்த மாதம், பாத்தி எண், எத்தனை தாய்ச்செடி என்ற நான்கும் இருக்க வேண்டும். ஒவ்வொரு ரகத்திலும் பாதியைப் பொதுப் பெட்டியில் நிறுத்திவைத்து, மீதியை மட்டும் பிரிப்பது. ஒரு பருவம் பொய்த்தாலும் ரகம் கைவிட்டுப் போகாது.