மூன்று மாதத்துக்கு ஒரு தடவை

போன வாரம் தங்கச்சிமடத்திலிருந்து அக்கா போன் செய்தாள். மச்சான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். பக்கத்துத் தெருப் பையன்கள் நாலு பேரை நடுக்கடலில் இலங்கைக் கடற்படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்: "நீ டெல்லியிலதான இருக்க தம்பி? பார்லிமென்ட்ல யார்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா?"

நான் மயூர் விகார் மூன்றாம் ஃபேஸில் கூலருக்கு முன்னால் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். பார்லிமென்டை மெட்ரோவுக்கு நடக்கும் வழியில், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் எந்தப் பார்லிமென்ட்டில் போய்ச் சொல்வது? பாதிப் பிரச்சினை டெல்லியில், பாதி கொழும்பில். இரண்டு பக்க எம்.பி.க்களும் எதிரெதிரே உட்காரும் ஓர் இடம் இருந்தால்தானே.

அப்படி ஓர் இடத்துக்குத் தெற்காசியா ஆசைப்படாமல் இல்லை. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் பிறந்தது 1985-ல். உறுப்பு நாடுகளின் சபாநாயகர்களும் எம்.பி.க்களும் சங்கமாகக் கூடிய முதல் மாநாடு 1995-ல் இதே டெல்லியில் நடந்தது. 2011-ல் மறுபடி டெல்லியில் கூடினார்கள். இத்தனைக்கும் பிறகு அது விருந்து, குரூப் போட்டோ, தீர்மானம் என்ற அளவைத் தாண்டவில்லை என்பது என் எண்ணம். சார்க் தலைவர்களே 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு உச்சி மாநாடு என்று கூடவில்லை.

அதைவிட முக்கியம், சார்க் சாசனத்திலேயே ஒரு பூட்டு இருக்கிறது. எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். இரு நாடுகளுக்கு இடையிலான விவகாரம் எதையும் அங்கே பேசக் கூடாது. கடல் எல்லை, படகு, வலை எல்லாமே இரு நாட்டு விவகாரம்தானே. ஆக, அந்த மேசையில் அக்காவுக்கு நாற்காலியே கிடையாது. சரி, பூட்டை மீறிப் பேசினால்? 2019 செப்டம்பரில் மாலேயில் நடந்த தெற்காசிய சபாநாயகர்கள் மாநாட்டில் பாகிஸ்தான் தரப்பு காஷ்மீரை எடுக்க, நம் தரப்பில் அப்போதைய மாநிலங்களவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் எழுந்து மறுக்க, ஒரே கூச்சல்.

அதே 2019 மார்ச்சில்தான் பிரான்ஸும் ஜெர்மனியும் ஆளுக்கு 50 எம்.பி.க்களை அனுப்பி 100 பேர் கொண்ட கூட்டு நாடாளுமன்ற சபை ஒன்றைக் கூட்டின. அவர்கள் நட்பு ஒப்பந்தம் போட்டது 1963-ல். அவர்களுக்கே 56 வருடம்.

நம்மிடம் இருப்பது அதிகாரிகளின் குழு. 2016 நவம்பரில் டெல்லியில் இந்திய, இலங்கை அமைச்சர்கள் பேசி, மீனவர் பிரச்சினைக்குக் கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடுவதாக ஏற்பாடு. ஆறாவது கூட்டம் கொழும்பில் நடந்தது 2024 அக்டோபரில். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சொன்னபடி நடந்திருந்தால் முப்பதாவது கூட்டமே தாண்டியிருக்கும்.

அதிகாரிகளைக் குறை சொல்லி என்ன. ஆனால் ஓட்டுக் கேட்டு ராமநாதபுரத்துத் தெருக்களில் நடந்தவரும் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நடந்தவரும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். நமக்கு இனிக்காத பேச்சும் வரும். அதை நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

கொரோனாவுக்கு முந்தின வருடம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு மச்சானோடு போயிருந்தேன். ராத்திரி தேர்பவனி முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இலங்கையின் நெடுந்தீவுக்காரர் ஒருவர், மச்சான் வயதுதான் இருக்கும். எங்கள் முறுக்கை வாங்கித் தின்றுகொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "உங்கட போட்டுகள் இழுவை மடியோட வந்து போனா, விடிய எங்கட வலையில ஒண்டும் மிஞ்சாது அண்ணை." கடலடியைச் சுரண்டி இழுக்கும் அந்த இழுவை மடியை இலங்கை 2017-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. மச்சானுக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். அப்புறம், "போட்டு முதலாளியோடது, கடனும் அவரோடது, நான் கூலி" என்றார். நெடுந்தீவுக்காரர் தலையாட்டினார். அதற்கப்புறம் இரண்டு பேரும் டீசல் விலை பற்றி விடிய விடியப் பேசினார்கள்.

நேற்று அக்கா மறுபடி போன் செய்தாள். சொன்னியா என்று கேட்கவில்லை. நாலு பையன்களையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதாம். மச்சான் போனில் 'நெடுந்தீவு அண்ணன்' என்று ஒரு நம்பர் இருக்கிறது. அவர்தான் விசாரித்துச் சொன்னாராம்.