பெரிய மருவில் ஊசி போட்டார்கள், விரல் மருவும் போய்விட்டது

உள்ளங்காலில் வந்ததைக் கால் ஆணி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தோல் மருத்துவர் பிளேடால் மேலாகச் சீவிக் காட்டினார். உள்ளே மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். ரத்தம் உறைந்த நுண்குழாய்களாம். ஆணியில் இவை இருக்காது, இது ஹெச்பிவி (மனித பாப்பிலோமா) வைரஸால் வரும் மரு என்றார். சாலிசிலிக் அமிலம் தடவினேன். திரவ நைட்ரஜன் வைத்து உறையவைத்தும் பார்த்தார்கள். உதிரும், அப்புறம் அதே இடத்தில் முளைக்கும். போதாக்குறைக்கு விரல்களில், நகத்தோரத்தில் என்று புதிதாகக் கிளம்பின.

அதன் பிறகுதான் எம்எம்ஆர் தடுப்பூசி பற்றிச் சொன்னார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா வராமலிருக்கக் குழந்தைகளுக்குப் போடுகிற அதே ஊசி. அதற்கும் மருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மரு வைரஸ் மேல்தோலோடு தங்கிவிடுவதால் எதிர்ப்பு சக்தி அதைச் சரியாகக் கவனிப்பதில்லை. உடம்புக்கு ஏற்கெனவே பழக்கமான தடுப்பூசியை மருவுக்குள்ளேயே செலுத்தினால் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரளும். திரண்ட இடத்தில் மரு வைரஸையும் அடையாளம் கண்டுகொள்ளும் என்று கருதுகிறார்கள். அப்படிக் கண்டுகொண்டால் மற்ற இடத்து மருக்களையும் எதிர்க்கும், அதனால் பெரிய மரு ஒன்றில் போட்டால் போதுமாம். எல்லோருக்கும் பலிக்காது, மருவுக்கென்றே அனுமதி பெற்ற மருந்தும் அல்ல என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் போடுவதில்லை. ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடுகிறேனா, தடுப்பூசியில் துளியளவு இருக்கும் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொண்ட பிறகே மருந்தைக் கலக்கினார்.

வலியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உள்ளே போனது அரை மில்லிக்கும் குறைவுதான். ஆனால் உள்ளங்கால் தோல் தடிப்பு, மருந்து பரவ இடமே இல்லை. மெல்லிய இன்சுலின் ஊசிதான் என்றாலும், மரு வெளுத்து உப்பும்வரை கட்டில் விளிம்பை இறுகப் பிடித்திருந்தேன். அன்று இரவு லேசான காய்ச்சல், உடம்பு வலி. பாராசிட்டமாலில் அடங்கிவிட்டது. ஊசிக்குப் போகிறவர்கள் அன்றைக்கு நடக்கிற வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு மூன்று வார இடைவெளியில் தொடர்ந்தார்கள். ஆரம்பத்தில் ஒரு மாற்றமும் இல்லை; விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். முதலில் தட்டையானது ஊசியே படாத விரல் மரு! கால் மரு சாவகாசமாகத்தான் கரைந்தது. கறுப்புப் புள்ளிகள் மறைந்து, தோல் ரேகைகள் அந்த இடத்தின் குறுக்கே முறியாமல் ஓடுகின்றனவா என்று மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஓடின. இனி ஊசி வேண்டாம், திரும்ப முளைத்தால் மட்டும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.