சுவரில் தொங்கும் எண்கள்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஆடி 18. சிவகாசியில் வழக்கம்போலப் பூஜை போட்டு அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை, அதாவது கடைக்காரர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மாதிரிப் புத்தகங்களை, வெளியிட்டிருப்பார்கள். 27 வருடமாக இந்த நாளில் அப்பா அங்கே போய்க் கையோடு இரண்டு ஆல்பம் வாங்கி வருவார். இந்த வருடம் முழங்கால் ஆபரேஷன் முடிந்து கட்டிலில் இருக்கிறார். ஆல்பம் பார்சலில் திண்டுக்கல் வருகிறது. ஆர்டர் பிடிக்கிற வேலை இனி என்னுடையது.

அப்பாவின் நோட்டில் 64 கடைகள். சென்ற வருடம் அதில் 51 கடைகள்தான் ஆர்டர் கொடுத்தன. சில கடைகளை மூடிவிட்டார்கள். சில கடைகளில் மகன் பொறுப்புக்கு வந்து, பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினால் போதும் என்று நிறுத்திவிட்டான். இரண்டு கடைகளை வேறு ஏஜெண்ட் போன் போட்டே பிடித்துக்கொண்டார். அந்த இரண்டைத்தான் அப்பாவால் மறக்க முடியவில்லை.

புதிதாக 20 கடையாவது வேண்டும். வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவதற்குப் பதில் போனில் முயன்று பார்க்கப் போகிறேன். "முகம் தெரியாத ஆளுக்குப் போன் போட்டா காலண்டர் வாங்குவாங்களாம்மா?" என்கிறார் அப்பா. எனக்கும் தெரியாது. நடப்பதை நடந்தபடியே இங்கே எழுதி வைக்கிறேன். சின்ன வியாபாரம் செய்யும் யாருக்காவது உதவும்.

6 ஆகஸ்ட், புதன்

"திண்டுக்கல் மாவட்ட வியாபாரிகள், 5,000 எண்கள்" என்று ஒருவர் விற்ற எக்செல் பட்டியலை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து மாலைக்குள் 62 பேரை அழைத்தேன்.

27 பேர் எடுக்கவே இல்லை. 9 எண்கள் உபயோகத்தில் இல்லை. எடுத்த 26 பேரில் 14 பேர் "காலண்டர் ஏஜென்சியிலிருந்து" என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்கள். 'ஏஜென்சி' என்ற சொல் காதில் விழுந்ததுமே லோன், கிரெடிட் கார்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள் போல. மீதி 12 பேரில் 7 பேர் கடையே வைத்திருக்கவில்லை. 4 பேர் "ஆவணி பிறக்கட்டும்" என்றார்கள். ஒருவர் விலை கேட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

தொண்டை கட்டிவிட்டது.

7 ஆகஸ்ட், வியாழன்

இன்று 58 அழைப்புகள். ஆர்டர் இல்லை. எண்ணிக்கையைப் பற்றி எழுத இன்று மனம் இல்லை.

மதியம் ஒருவர் முதல் ரிங்கிலேயே எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் "சார், ரத்தம் கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார். ரத்தம் கொடுக்க ஒருவர் கூப்பிடுவதாகச் சொன்னாராம். அவர் எண் இவரிடம் இல்லை. அதனால் எந்தப் புது எண் வந்தாலும் எடுக்கிறார். "இல்லைங்க, தப்பான நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் "பரவாயில்லம்மா" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் இன்னும் காதிலேயே நிற்கிறது.

தெரியாத எண் ஒன்று அடிக்கும்போது அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அழைப்பவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் தன் எண்ணை எனக்குக் கொடுக்கவில்லை. யாருக்கோ எதற்கோ கொடுத்தார். அது விலைக்குப் போய் என் கைக்கு வந்திருக்கிறது. அதற்கு மேல் இன்று அழைக்கவில்லை.

9 ஆகஸ்ட், சனி

நேற்று முழுவதும் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிமுறைகளைப் படித்தேன். முன்பே செய்திருக்க வேண்டும். 1909-க்குச் செய்தி அனுப்பித் தொந்தரவு அழைப்புகளைத் தடுக்கலாம் என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது. விற்பனை அழைப்பு என்றால் பதிவு செய்துகொண்டு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் செய்ய வேண்டும். நம் சாதாரணப் பத்து இலக்க எண் அதற்கு இல்லை. 2018-இல் வந்த விதிகளை இந்தப் பிப்ரவரியில் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். பதிவு செய்யாத ஒருவர் இப்படி அழைத்தால், 1909-இல் தடை கேட்காதவர்கூட ஏழு நாளுக்குள் புகார் கொடுக்கலாம். பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தால் போதும், நடவடிக்கை. முதல் முறை 15 நாள் வெளியே அழைக்க முடியாது. மறுபடியும் செய்தால் அவர் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் ஒரு வருடத்துக்குத் துண்டிப்பு.

நான் அழைத்தது அப்பாவின் எண்ணிலிருந்து. அவருடைய ரசீதுப் புத்தகத்திலும், 51 கடைக்காரர்களின் போனிலும் இருக்கும் எண் அது. சீசன் நடுவில் அது 15 நாள் முடங்கினால் என்ன ஆகும்? பழைய வாடிக்கையாளர் ஒருவர் வேறு காலையில் கேட்டார்: "உங்க நம்பர் வந்தா போன்ல சிவப்பா ஸ்பேம்னு காட்டுதே, என்னம்மா?" 27 வருடம் சம்பாதித்த பெயர் இரண்டே நாளில்.

பட்டியலை அழித்துவிட்டேன். 120 அழைப்பு, ஒரு ஆர்டர்கூட இல்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

நாகல் நகரில் ஒரு டீக்கடை. டீக்கு நிற்கும்போது எதிரே சுவரில் மூன்று தினசரிக் காலண்டர்கள். பழனி முருகன் படம் போட்டது ஒரு சிமென்ட் கடையினுடையது, மீனாட்சி கல்யாணம் ஒரு நகைக்கடையினுடையது, மூன்றாவது ஒரு மருந்துக்கடை. ஒவ்வொன்றின் அடியிலும் கடைப் பெயர், தெரு, போன் எண்.

எத்தனை வருடம் இதை விற்கும் வீட்டில் இருக்கிறேன்! காலண்டர் கொடுக்கிற கடை எது என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதித் தொங்குகிறது. அந்த எண், ஊரார் கூப்பிட வேண்டும் என்று அவர்களே காசு கொடுத்து அச்சடித்த எண். என்ன படம் பிடிக்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டு மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

16 ஆகஸ்ட், சனி

டீக்கடை, சலூன், தையல் கடை, சொந்தக்காரர் வீடு என்று அலைந்து 43 காலண்டர்கள் சேர்த்தாயிற்று. அதில் ஐந்து அப்பா போட்டுக் கொடுத்தவை. போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மீதி 38.

நாளை ஆவணி பிறக்கிறது. ஆடியில் யாரும் புதிதாக எதற்கும் சரி என்று சொல்ல மாட்டார்கள்.

சட்டம் இதற்கும் சட்டம்தான். கடையின் எண் என்பதால் எனக்கு விலக்கு கிடையாது. அதனால் போனில் எதையும் விற்பதில்லை, விலை பேசுவதில்லை, ஆல்பத்தோடு வரலாமா என்று ஒரே ஒரு கேள்விதான். வேண்டாம் என்றால் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு, மறுபடி அழைப்பதில்லை. இதுவும் முழுக்கச் சரியா என்று கேட்டால், முன்பு செய்ததைவிடச் சரி என்று மட்டும் சொல்வேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

முதலில் சிமென்ட் கடை. "அண்ணே, நாகல் நகர்ல ஒரு டீக்கடையில உங்க கடை காலண்டர் தொங்குது, பழனி முருகன் படம். அதைப் பார்த்துட்டுத்தான் கூப்பிடுறேன்."

வைக்கவில்லை. "எந்த டீக்கடை?" என்று கேட்டார். சொன்னேன். "தாளைக் கிழிச்சிருக்காங்களா? அன்னைக்குத் தேதி இருந்துச்சா?" என்றார். இருந்தது என்றேன். சந்தோஷம் அவர் குரலிலேயே தெரிந்தது. தன் காலண்டரை யாரோ தினமும் காலையில் கிழிக்கிறார்கள் என்பதை அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. அப்புறம் அவராகவே, "நீ யாரும்மா, ஏஜெண்டா? வியாழக்கிழமை வா" என்றார்.

பட்டியலை வைத்து 120 பேரை அழைத்தபோது நான் என்னைப் பற்றியே பேசினேன். இங்கே முதல் வார்த்தையே அவர் கடையைப் பற்றி. வித்தியாசம் அதுதான் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது.

நேரமும் முக்கியம். மளிகைக்கடைக்குக் காலையில் போணி ஆகும் முன்பு அழைத்தால் முகம் சுளிப்பார்கள். மருந்துக்கடை மதியம் மூன்று மணிக்கு ஓய்வாக இருக்கும் என்று இன்று அழைத்தேன். "ராகு காலம் முடியட்டும்மா, நாலரைக்கு மேல பேசலாம்" என்றார். செவ்வாய் 3 முதல் 4.30 வரை. தினசரித் தாளில் அச்சடித்து விற்பவள் நான், இதைப் பார்த்து அழைத்திருக்க வேண்டும். நாலே முக்காலுக்கு அழைத்தேன். வரச் சொன்னார்.

21 ஆகஸ்ட், வியாழன்

பெங்களூரில் இருக்கும் தம்பி ஒரு ஆய்வை அனுப்பினான். அமெரிக்காவில் டெக்சாஸின் பெய்லர் பல்கலைக்கழகம் ரியல் எஸ்டேட் ஏஜெண்டுகளை வைத்துச் செய்தது. 6,264 அழைப்புகள். ஒரு சந்திப்போ, ஒரு அறிமுகமோ கிடைக்கச் சராசரியாக 209 அழைப்புகள் தேவைப்பட்டனவாம். வீடு விற்பவருக்கு ஒரு விற்பனையில் வரும் கமிஷன் 209 அழைப்புக்குக் கட்டுப்படியாகலாம். எங்களுக்கு ஒரு காலண்டரில் நிற்பது சில ரூபாய். ஒரு கடை 300 காலண்டர் எடுத்தாலும் அதற்காக 209 பேரைத் தொந்தரவு செய்ய எனக்குக் கட்டாது. அந்த 208 பேருக்கும் கட்டாது.

சிமென்ட் கடைக்காரர் 400 காலண்டர் சொன்னார். அதே முருகன்.

28 ஆகஸ்ட், வியாழன்

38 பேரையும் அழைத்து முடித்தாயிற்று. 9 பேர் எடுக்கவில்லை. 6 பேர் இந்த வருடம் காலண்டர் போடவில்லை. 12 பேர் "எங்களுக்கு ஆள் இருக்கு" என்றார்கள். 11 பேர் வரச் சொன்னார்கள்.

அந்த 12 பேரைப் பற்றித்தான் அப்பாவுடன் நேற்று இரவு பேச்சு. ஒரு ஜவுளிக்கடைக்காரர், "பதினஞ்சு வருஷமா ஒருத்தர் வர்றார், நீ ரேட் குறைச்சுத் தருவியா?" என்று கேட்டார். குறைத்தால் கிடைத்திருக்கும், 1,000 காலண்டர். நான் தயங்கினேன். அப்பா கேட்டார்: "நம்ம ரெண்டு கடையும் போனது எப்படிம்மா?"

ஒவ்வொரு காலண்டருக்குப் பின்னாலும் அதைப் போட்டுக் கொடுத்த ஒரு ஆள் இருக்கிறார். சுவரிலிருந்து நான் எடுக்கும் எண் இன்னொருவரின் நோட்டிலும் இருக்கிறது. அதனால் ஆள் இருக்கிறது என்று சொன்ன 12 பேரிடம் மேற்கொண்டு பேசவில்லை. தொழிலில் இதெல்லாம் பார்க்க முடியுமா என்று தம்பி கேட்கிறான். எனக்கு இந்த ஊரில்தான் இன்னும் 20 வருடம் பை தூக்க வேண்டியிருக்கிறது.

சரி, வரச் சொன்னவர்கள் ஏன் வரச் சொன்னார்கள்? ஒருவருடைய ஏஜெண்ட் காலமாகிவிட்டார். இன்னொருவருக்குச் சென்ற வருடம் பார்சல் பொங்கல் கழித்துத்தான் வந்தது. சிமென்ட் கடைக் கதைதான் எனக்குத் தாங்கவில்லை. சென்ற வருடம் ஒரு ஏஜெண்ட் போட்டுக் கொடுத்த 400 காலண்டரிலும் இரண்டாவது போன் எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. நான் அழைத்தது முதல் எண், அதனால் எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டாவது எண் பேகம்பூரில் யாரோ ஒரு வயதான அம்மாவுடையது. எட்டு மாதமாக அவரிடம் சிமென்ட் மூட்டை விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். இவரே தேடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அந்த அம்மா இப்போது சரியான எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குச் சொல்கிறாராம்.

12 செப்டம்பர், வெள்ளி

அட்வான்ஸ் வாங்கப் போகவில்லை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம், அதற்கு மேல் மழை.

26 செப்டம்பர், வெள்ளி

அந்தப் 11 பேரில் 6 பேர் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் 2,150 காலண்டர். 3 பேர் ஆயுத பூஜை கழியட்டும் என்கிறார்கள், 2 பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். இடையில் போனே இல்லாமல் மேற்கு ரத வீதிப் பக்கம் நேராக ஏறி இறங்கிய 27 கடைகளில் 5 கிடைத்தன. ஆனால் அதற்கு ஆறு நாள் ஆனது. பழைய 51-இல் 49 உறுதி.

20 வரவில்லை, 11 தான். அப்பா, "முதல் வருஷத்துக்கு நான் பிடிச்சது நாலு" என்றார்.

போன் வீண் என்று நான் எழுத மாட்டேன். போன் இல்லாவிட்டால் அந்த 38 கடைக்கும் வெயிலில் நடந்திருப்பேன். அதில் 27 நடை வீணாகியிருக்கும். போன் எனக்கு அந்த நடையைத்தான் மிச்சப்படுத்தியது. ஆர்டர் கிடைத்தது எல்லாமே கடையில், ஆல்பத்தை விரித்து, அவர் மனைவியோ கணக்குப்பிள்ளையோ எட்டிப் பார்த்து, "இந்த லட்சுமி நல்லா இருக்கு" என்று சொன்ன பிறகுதான்.

8 அக்டோபர், புதன்

சிவகாசியிலிருந்து புரூஃப் வந்துவிட்டது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் பார்த்தார். நான் ஒவ்வொரு புரூஃபிலும் அச்சாகியிருக்கும் எண்ணை, நோட்டைப் பார்க்காமல் புரூஃபைப் பார்த்தே அழுத்தி, அந்தக் கடையில் மணி அடிக்கிறதா என்று சோதிக்கிறேன். 60 கடை. சிலருக்கு இரண்டு எண்.

சிமென்ட் கடைக்கு இரண்டாவது எண். இரண்டு ரிங்.

"சொல்லு தங்கச்சி."

"ஒண்ணுமில்லண்ணே. நம்பர் சரியா இருக்கான்னு பார்த்தேன்."

"சரியாத்தான் இருக்கு, அச்சடிக்கச் சொல்லு. அந்த பேகம்பூர் அம்மாவுக்கு ஒரு காலண்டர் தனியா எடுத்து வைக்கணும், மறந்துடாத."

குறித்துக்கொண்டேன். அடுத்தது மருந்துக்கடை. மணி பன்னிரண்டேகால், புதன்கிழமை. ஒன்றரைக்கு மேல் அழைக்கிறேன்.