இரண்டாவது ஸ்டிக்: ஒரு லாக்ரோஸ் அணியின் குளிர்காலம்

ஜனவரி 8, 2025, புதன்

வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. விடுதியில் என் மாடியில் நானும் இன்னொரு மாணவரும்தான். நியூயார்க் மாநிலத்தின் இந்த மேற்கு மூலையில் ஏரிப் பக்கமிருந்து வரும் பனி விடாமல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இருந்தாலும் இன்று எக்விப்மென்ட் ரூமைத் திறந்துவிட்டேன். ஆண்கள் லாக்ரோஸ் அணிக்கு முதல் பயிற்சி 27ஆம் தேதி, முதல் மேட்ச் பிப்ரவரி 22. அதற்குள் நாற்பத்திரண்டு பேருக்கும் எல்லாம் தயாராக வேண்டும்.

போன வருடம் அணியின் ஆட்டச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற இந்த வேலையில் சேர்ந்தபோது லாக்ரோஸை நான் பார்த்ததுகூட இல்லை. வெளிநாட்டு மாணவர் வாரம் 20 மணி நேரம் கல்லூரிக்குள் வேலை பார்க்கலாம், அதற்காகச் சேர்ந்தேன். இப்போது இந்த ஆட்டம் இல்லாத ஒரு குளிர்காலத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: நுனியில் வலைப்பை உள்ள ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து, சுமந்துகொண்டு ஓடி, எறிந்து, ஆறடிக்கு ஆறடி கோல் சட்டத்துக்குள் போட வேண்டும். பக்கத்துக்குப் பத்துப் பேர், மைதானம் 110 கஜ நீளம். பந்து கெட்டி ரப்பர். கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுச் சின்னது, எடையும் கொஞ்சம் குறைவு, ஆனால் கை தேர்ந்த ஒருவன் எறிந்தால் மணிக்கு 90 மைலைத் தாண்டும்.

அதனால்தான் முதல் வேலையாகத் தோள் கவசங்களை எடுத்துப் போட்டு ஒவ்வொன்றின் லேபிளையும் பார்த்தேன். நெஞ்சில், இதயத்துக்கு நேராக, இரண்டு துடிப்புக்கு நடுவே சரியாக அந்த நொடியில் பந்து பட்டால் இதயம் நின்றுபோகலாம். ஆரோக்கியமான பையன்களுக்கே இப்படி நடந்திருக்கிறது. 2022இலிருந்து நெஞ்சுப் பாதுகாப்பு உள்ள, தரச்சான்று பெற்ற கவசம் மட்டும்தான் செல்லும். லேபிள் கிழிந்திருந்த இரண்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். கோச்சிடம் சொல்லிப் புதிது வாங்க வேண்டும், இதில் மட்டும் "பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ராச்செஸ்டரில் வாங்கி வந்த வெல்லம் இருந்தது, ரைஸ் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். அம்மா போன் பண்ணினார். "ஏய்யா, பொங்கிச்சா?" என்றுதான் முதல் கேள்வி. பொங்கியது என்றேன்.

இன்று முழுக்க ஸ்டிக்கின் வலைப்பையைக் கட்டுகிற வேலை. இதை எனக்கு யாரும் பெரிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா ஒயர் கூடை பின்னுவார், பத்து வயதில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து நெல்லிக்காய் முடிச்சும் சிவன் கண்ணும் போட்டிருக்கிறேன். ஒரு முடிச்சு தளர்ந்தாலும் கூடை ஒரு பக்கமாகச் சாயும் என்று அம்மா சொல்வார். இங்கேயும் அதேதான். ஸ்டிக் நுனியில் மாட்டுகிற பிளாஸ்டிக் சட்டம்தான் ஹெட், அதன் மேல் விளிம்பில் மெஷ் என்கிற வலையைக் கட்ட வேண்டும், பிறகு இரண்டு பக்கச் சுவரிலும் கயிற்றை ஓட்டை ஓட்டையாக விட்டுக் கீழே வர வேண்டும். எந்த ஓட்டையில் எத்தனை கண்ணை இழுத்துப் பிடிக்கிறோம், எதைத் தாண்டி விடுகிறோம் என்பதில்தான் பை எங்கே ஆழமாகிறது என்பது இருக்கிறது. அப்புறம் மேலே குறுக்காக ஷூட்டிங் ஸ்ட்ரிங் என்று இரண்டு மூன்று கயிறு. பந்து கையை விட்டுப் போகும்போது கடைசியாகத் தொட்டுவிட்டுப் போவது அவற்றைத்தான். இறுக்கம் அதிகமானால் பந்து தாமதமாக விடுபட்டுத் தரையைப் பார்த்துப் போகும். தளர்ந்தால் ஆள் தலைக்கு மேலே பறக்கும்.

கட்டி முடித்தாலும் உடனே ஆகாது. பந்தை உள்ளே வைத்துக் குத்திக் குத்திப் பையை இறக்க வேண்டும். அதே சமயம் அளவும் மீறக்கூடாது: ஹெட்டைக் கண்ணுக்கு நேராகப் படுக்கையாகப் பிடித்துப் பார்த்தால் பந்தின் உச்சி பக்கச் சுவரின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது, ஷூட்டிங் ஸ்ட்ரிங் மேலிருந்து 4 அங்குலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். மேட்ச் நடுவே நடுவர் ஸ்டிக்கை வாங்கி அளந்து பார்ப்பார், தவறென்றால் அந்தப் பையன் நிமிடக்கணக்கில் வெளியே உட்கார வேண்டும்.

ஆறு ஹெட் கட்டினேன். விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது, ஆனாலும் நல்ல நாள்.

ஜனவரி 27, திங்கள்

முதல் பயிற்சி. காலை 6 மணி, உள்ளரங்கு. ஐந்தேகாலுக்கே வந்து நின்றவர்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். நாங்கள் மூன்றாவது டிவிஷன், அதாவது ஆட்டத்துக்கென்று ஒரு டாலர் உதவித்தொகைகூடக் கிடையாது. எட்டரைக்குக் கெமிஸ்ட்ரி லேப் இருக்கிற பையன் ஐந்தேகாலுக்கு வந்து சுவரில் பந்தடிக்கிறான். வலது கையில் ஐம்பது, இடது கையில் ஐம்பது, மறுபடி வலது. இவர்கள் இதை வால் பால் என்கிறார்கள். தனியாளாகச் செய்ய முடிகிற பயிற்சி, இதில் ஏமாற்றவே முடியாது.

கோச் முதல் முக்கால் மணி நேரமும் கிரவுண்ட் பால் மட்டும்தான் எடுக்க வைத்தார். தரையில் கிடக்கிற பந்தை இரண்டு பேர் விரட்டி, முட்டி மோதி, யார் அள்ளுவது என்று பார்ப்பது. இடுப்பை இறக்கி, ஸ்டிக்கின் அடிமுனை தரையை உரசுகிற அளவுக்குக் கையைத் தாழ்த்தி, நிற்காமல் ஓடிக்கொண்டே அள்ள வேண்டும். நின்று குனிந்தால் போச்சு. நான் ஓரத்தில் நின்று கணக்கு எழுதினேன், யார் எத்தனை அள்ளினான் என்று. அதிகம் அள்ளியது முதல் வருடத்துப் பையன் ஒருவன், போன வாரம்தான் அவனுக்கு ஹெல்மெட் அளவெடுத்தேன். அவன் பெயருக்கு நேரே கோடு போடும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

இன்று வெளியே ஆடினார்கள். செயற்கைப் புல்லில் பனியை வழித்து ஓரமாகக் குவித்திருந்தார்கள், குளிர் பூஜ்யத்துக்கும் கீழே. பயிற்சி முடிய பத்து நிமிடம் இருக்கும்போது டக்கென்று ஒரு சத்தம். எங்கள் மிட்ஃபீல்டர், மூன்றாம் வருடம், வலது பக்கமிருந்து ஓடிக்கொண்டே எறிவதில் அணியிலேயே கெட்டிக்காரன், அவனுடைய ஹெட் கழுத்துப் பக்கம் விரிசல் விட்டிருந்தது. குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போகும். டிஃபன்ஸ் ஆட்கள் பிடிப்பது ஆறடி வரை நீளம் போகிற கோல், அதால் ஓங்கி ஒரு தட்டு விழுந்தால் தாங்காது.

ஹெட் ஒன்றும் பெரிய விஷயமில்லை, அலமாரியில் அதே மாடல் இன்னொன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பை. ஒன்றரை வருடமாக அவன் கையிலேயே இருந்து இறங்கியது. அவன் ஸ்டிக்கை என் மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "இரண்டாவது ஸ்டிக் ஒன்று வைத்திருக்கிறேன், ஆனால் அது வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது" என்றான்.

ஒவ்வொருவனும் இரண்டு ஸ்டிக் வைத்திருக்க வேண்டும் என்று எல்லா அணியிலும் சொல்வார்கள், எல்லோரும் வைத்தும் இருப்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மெனக்கெடுகிறவர்கள் குறைவு. அன்றாட வேலை என்று பார்த்தால் கடைசியில் தள்ளிப்போகிற வேலை இதுதான். நானும் தள்ளிப்போட்டேன். அதை நினைத்துத்தான் இன்று முழுக்க வருத்தம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பழைய மெஷ்ஷையே அவிழ்த்துப் புது ஹெட்டில் கட்டிப் பார்த்தேன். அவிழ்ப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, எந்த ஓட்டையில் எந்தக் கண் என்று காகிதத்தில் வரைந்துகொண்டேன். அப்படியே கட்டினேன். அவன் உள்ளரங்கில் நாற்பது தடவை எறிந்துவிட்டு, "கீழே போகிறது" என்றான்.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பழைய மெஷ் ஈரம் குடித்து, காய்ந்து, மறுபடி குடித்துத் தொய்ந்திருக்கிறது. பழைய ஹெட்டோ நாள்பட நடுவில் கொஞ்சம் குறுகிப்போயிருக்கிறது. அந்தக் குறுகலுக்கு ஏற்ப இறங்கியிருந்த பை புது ஹெட்டில் அதே மாதிரி அமையவில்லை. அவனுக்கு எந்த வித்தியாசமும் சொல்லத் தெரியவில்லை, பந்து எங்கே போகிறது என்று மட்டும்தான் தெரியும். அது எனக்குப் போதும். இனி புது மெஷ்தான், அதுவும் நீர் ஏறாத மெழுகு பூசியது.

பிப்ரவரி 5, புதன்

ஆர்டர் போட்ட மெஷ் வந்தது, கடைக்காரர்கள் வேறு ரகத்தை அனுப்பியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பி, இன்னொரு இடத்தில் கேட்டிருக்கிறேன்.

மாலையில் நடந்ததை எழுத வேண்டும். எங்கள் டிஃபன்ஸில் ஒரு பையன் இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோடனோஷோனி மக்களைச் சேர்ந்தவன், சிரக்யூஸுக்குத் தெற்கே, அவர்களில் ஓர் இனமான ஒனொண்டாகாவின் நிலத்தில் வீடு. நான் மெஷ்ஷோடு போராடுவதைப் பார்த்துவிட்டுப் போனவன், இன்று வீட்டிலிருந்து ஒரு மரக்கோலைக் கொண்டுவந்து காட்டினான். அவன் தாத்தாவுடையது. ஹிக்கரி மரம், ஆவியில் வைத்து வளைத்தது, ஒரு பக்கம்தான் சுவர், மறுபக்கம் தோல் நாடா. ஒரு கோல் செய்ய மாதக்கணக்கில் ஆகுமாம். மரத்தைப் பிளந்து, வளைத்து, காயவைத்து, செதுக்கி. ஒனொண்டாகாவில் ஆல்ஃப் ஜாக்ஸ் என்றொருவர் இந்த வேலையில் வாழ்நாளைக் கழித்தவர், 2023இல் காலமானார். அவர் பெயரைச் சொல்லும்போது பையன் குரல் இறங்கியது.

இந்த ஆட்டம் அவர்களுடையது. அதற்குப் பிரெஞ்சுப் பெயர் ஒட்டிக்கொண்டதும், 1867இல் மான்ட்ரியலில் விதிகள் அச்சானதும் பின்னால் நடந்தவை. அவர்களுக்கு இது படைத்தவன் கொடுத்தது, நோயாளிக்காகவும் ஊருக்காகவும் வேண்டிக்கொண்டு ஆடுகிற மருந்து. ஆண் குழந்தை பிறந்தால் சின்னக் கோல் ஒன்றைத் தொட்டிலில் வைப்பார்கள், இறந்தால் கோலோடு புதைப்பார்கள். "அங்கே போன பிறகும் ஆட வேண்டுமே" என்றான், வெகு சாதாரணமாக.

ஆல்பனி பல்கலைக்கழகத்துக்கு ஆடிய லைல், மைல்ஸ் தாம்ப்சன் அண்ணன் தம்பியும் ஒனொண்டாகாதான். கல்லூரி லாக்ரோஸின் பெரிய விருதான டெவாரட்டனை 2014இல் இருவரும் பகிர்ந்து வாங்கினார்கள், அடுத்த வருடம் லைல் தனியாக மறுபடி வாங்கினார். அந்த விருதின் பெயரே ஹோடனோஷோனியில் இன்னோர் இனமான மோஹாக்கின் மொழியில் இந்த ஆட்டத்தைக் குறிக்கும் சொல். அப்படியிருந்தும் அந்த மக்களுக்கு முதன்முதலாக அது போனது 2014இல்தான்.

மரக்கோலைக் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கொடுத்தான். கனமாக இருந்தது. பிடியில், இரண்டு கை பிடிக்கிற இடத்தில் மட்டும், மரம் கறுத்து வழவழவென்று இருந்தது.

பிப்ரவரி 8, சனி

பக்கத்துக் கல்லூரியோடு பயிற்சி ஆட்டம். ஸ்கோர் எழுதப்போவதில்லை, பயிற்சி ஆட்டம்தான். ஃபேஸ்ஆஃபில் நன்றாக ஆடினோம். நடுக்கோட்டில் இருவர் பந்துக்கு இரு பக்கமும் குனிந்து, விசில் அடித்ததும் கவ்வி எடுப்பது. முட்டியைத் தரையில் ஊன்றக் கூடாது என்று 2021இல் விதி மாற்றிய பிறகு உயரமான பையன்களுக்குப் பெரிய கஷ்டம் என்கிறார்கள். எங்கள் ஆள் குட்டை, அவனுக்கு அது வரம்தான்.

பந்தைத் தற்காப்பிலிருந்து முன்னே கொண்டுவருவதில்தான் தடுமாற்றம். எதிரணி மேலே வந்து அழுத்தியதும் அவசரப்பட்டு எறிந்து ஏழு தடவை பந்தை இழந்தோம். மிட்ஃபீல்டர் தன் இரண்டாவது ஸ்டிக்கோடு ஆடினான். நல்ல இடத்தில் நின்று ஐந்து தடவை எறிந்தான், நான்கு தரையில் குத்தி வெளியே போனது. ஒரு தடவைகூட ஸ்டிக்கைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

சரியான மெஷ் வந்துவிட்டது. இரவு ஒன்பதுக்கு உட்கார்ந்தேன். இந்த முறை ஒன்று கட்டவில்லை, இரண்டு ஹெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் ஒரு முடிச்சு, அதில் அதே முடிச்சு என்று கட்டினேன். அம்மா கூடைக்கு இரண்டு கைப்பிடி பின்னும்போது இப்படித்தான் செய்வார், ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் கை மாறிவிடும் என்பார். முடிக்கும்போது மணி ஒன்று. இனி அவன் கையில் கொடுத்து, அவன் இரண்டையும் ஒரு வாரம் அடித்து இறக்க வேண்டும், அதை நான் செய்ய முடியாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

தினமும் இரண்டு ஸ்டிக்கையும் மாற்றி மாற்றிச் சுவரில் அடிக்கிறான். உள்ளரங்குச் சுவரில் அவன் அடிக்கிற இடம் ஒரு தட்டளவுக்குக் கறுத்திருக்கிறது. நேற்றைவிட இன்று அந்தக் கறை அடர்த்தி.

சாப்பாட்டு மேஜையில் ஒலிம்பிக்ஸ் பற்றிப் பேச்சு. 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸில் லாக்ரோஸ் வருகிறது, பக்கத்துக்கு ஆறு பேர் ஆடுகிற வடிவத்தில். அதற்கு அனுமதி தந்த 2023 மும்பை ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில்தான் கிரிக்கெட்டுக்கும் அனுமதி கிடைத்தது என்று சொன்னேன், யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஹோடனோஷோனி அணி தன் சொந்தக் கொடியோடு ஆட முடியுமா என்பதுதான் டிஃபன்ஸ் பையனின் ஒரே கேள்வி. முடிய வேண்டும். ஆட்டத்தைக் கொடுத்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு நடத்துகிற போட்டியை நான் எப்படிப் பார்ப்பது?

பிப்ரவரி 21, வெள்ளி

நாளை மதியம் ஒரு மணிக்கு முதல் மேட்ச், வெளியூரில். பயணப் பை கட்டியாயிற்று. பந்துகளைக் கொட்டி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, தேய்ந்து வழுக்குகிறவற்றை ஒதுக்கினேன். உபரி ஹெல்மெட் இரண்டு, கையுறை நான்கு ஜோடி, கோல்கீப்பருக்கு உபரி ஸ்டிக், கயிறு, கத்தரி, லைட்டர், அளவுகோல்.

எட்டு மணிக்கு மிட்ஃபீல்டர் வந்தான். இரண்டு ஸ்டிக்கையும் என் முன்னால் சுவரில் அடித்துக் காட்டினான். பத்து இதில், பத்து அதில். பந்து கறைக்குள்ளேயே போய் விழுந்தது. இரண்டாவதில் மட்டும் நூலளவு தாழ்கிறது என்றான். எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவன் கைக்குத் தெரிகிறது. மேல் ஷூட்டிங் ஸ்ட்ரிங்கை அவிழ்த்து ஒரு கண் அளவுக்குத் தளர்த்திக் கட்டினேன். அடித்தான். இன்னும் மூன்று தடவை அடித்தான். தலையை ஆட்டிவிட்டு இரண்டையும் பயணப் பைக்குள் வைத்தான்.

அளவுகோலை வைத்து 4 அங்குலத்தை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தேன். பஸ் காலை ஏழரைக்கு.