நொதி சரி, இடம்தான் தப்பு

உயிர்வேதியியல் படிக்கிற எல்லோரும், எந்த நொதி (வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்) செல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஒரு அட்டவணையை உருப்போடுவார்கள். குளுக்கோஸை உடைக்கிற கிளைகாலிசிஸ் நொதிகள் சைட்டோசாலில் (செல்லுக்குள் நிறைந்திருக்கும் திரவம்), சிட்ரிக் அமிலச் சுழற்சி மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதி), கேட்டலேஸ் பெராக்சிசோமில் (சவ்வு சூழ்ந்த ஒரு சின்னப் பை) என்று. தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் ஒரு நொதி செல்லுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதிலேயே ஒருவருடைய சிறுநீரகம் பிழைப்பதும் போவதும் இருக்கிறது.

ஏஜிடி என்று ஒரு கல்லீரல் நொதி. நம் செல்களில் இது இருக்க வேண்டிய இடம் பெராக்சிசோம். அங்கே உண்டாகிற கிளையாக்சிலேட் என்ற பொருளை அங்கேயே பிடித்து, கிளைசின் என்ற சாதாரண அமினோ அமிலமாக மாற்றிவிடும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதியின் மரபணுவில் இரண்டு சின்ன மாற்றங்கள் சேர்ந்து வந்துவிடுகின்றன: அதனால் நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 11ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின், 170ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின். அவ்வளவுதான், நொதியின் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்விடுகிறது. அங்கே போனாலும் அதற்கு வேலை செய்யும் திறன் இருக்கிறது, ஆனால் வேலை இருப்பது பெராக்சிசோமில். பிடிக்க ஆளில்லாத கிளையாக்சிலேட் வெளியே கசிந்து, சைட்டோசாலில் ஆக்சலேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படிகிறது. சிறு வயதிலேயே சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்கும் போகலாம். முதல்நிலை ஹைப்பராக்சலூரியா, முதல் வகை என்பது இதன் பெயர். அதே நோய் வேறு பலருக்கு நொதியே இல்லாததால் வருகிறது, இவர்களுக்கோ நொதி இருந்தும் வருகிறது!

செல்லின் குப்பையைச் செரிக்கிற லைசோசோம் என்ற பையின் கதையும் இப்படித்தான். 1949 வாக்கில் கிறிஸ்டியான் டி டுவ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் கல்லீரல் செல்களைப் பிரித்து ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதியை அளந்தபோது, புதிதாக எடுத்த மாதிரியில் குறைவாகவும், சில நாள் குளிர்பெட்டியில் கிடந்த மாதிரியில் அதிகமாகவும் இருந்தது. நொதி ஒரு சவ்வுப் பைக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது, பை உடைந்ததும் வெளியே வந்திருக்கிறது. 1955இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார்கள். உள்ளே பிஎச் 5 பக்கம், அதாவது அமிலம்; வெளியே சைட்டோசாலில் 7.2. இந்த நொதிகள் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் கொஞ்சம் கசிந்தாலும் அந்த நொதிகளுக்கு வெளியே அவ்வளவு வீரியம் இருக்காது.

இந்த நொதிகளில் பெரும்பாலானவற்றுக்கு லைசோசோமுக்குப் போக ஒரு முகவரிச் சீட்டு வேண்டும்: புரதங்களைப் பிரித்து அனுப்புகிற கோல்கி என்ற பகுதியில் ஒட்டப்படும் மேனோஸ்-6-பாஸ்பேட். ஒட்டுகிற நொதி பழுதானால் ஐ-செல் நோய். சீட்டு இல்லாத நொதிகள் செல்லுக்கு வெளியே போய்விடுவதால் ரத்தத்தில் லைசோசோம் நொதிகள் ஏராளமாக இருக்கும், லைசோசோமுக்குள்ளோ செரிக்காத குப்பை குவிந்துகொண்டே போகும். மிகக் கொடுமையான குழந்தைப் பருவ நோய் இது.

கல்லீரல் பரிசோதனைச் சீட்டில் வரும் இரண்டு நொதிகளில் எஸ்ஜிபிடி பெரும்பாலும் சைட்டோசாலில் இருப்பது, எஸ்ஜிஓடி மைட்டோகாண்ட்ரியாவிலும் இருப்பது. அந்த இரண்டு எண்களின் விகிதத்தைப் படிக்கும்போது இதுவும் கணக்கில் வரும்.

சரி, ஏஜிடி இடம் மாறியவர்களுக்கு என்ன வழி? 170ஆம் இட மாற்றம் உள்ளவர்களில் பலருக்கு வைட்டமின் பி6 கொடுத்தால் ஆக்சலேட் குறைகிறது, நொதி கொஞ்சம் நிலைப்பட்டு பெராக்சிசோமுக்கும் அதிகமாகப் போய்ச் சேர்கிறது. அப்புறம் 2020இல் அனுமதி பெற்ற லுமாசிரான் என்ற மருந்து, அதே பெராக்சிசோமில் கிளையாக்சிலேட்டை உண்டாக்குகிற கிளைகாலேட் ஆக்சிடேஸ் என்ற நொதியின் உற்பத்தியையே குறைத்துவிடுகிறது.